அலகுக்கு உதடில்லை

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சுலோசனாவைக் கோயமுத்தூரில் ரயில் ஏற்றிவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். மகள் வானதிக்கு இரண்டாவது பிரசவம். தலைப்பிரசவம் என்றால் வழக்கப்படி பல்லடத்துக்கே கூட்டி வந்திருப்போம். இது இரண்டாவது, டாக்டர் வேறு பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் அம்மாக்காரி புனேவுக்குப் போகிறாள். செப்டம்பர் கடைசியில் திரும்பிவிடுவாள்.

அதுவரை இந்த வீட்டில் நானும் சிங்காரமும்தான். சிங்காரம் என்பது கிளி. பச்சைக்கிளி வளர்க்கச் சட்டம் விடாது. இது காகிதமெல்லாம் சரியாக உள்ள ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, வால் மட்டும் சிவப்பு. மாப்பிள்ளை ஆசைப்பட்டு வாங்கினார். புனேவுக்கு மாற்றல் வந்ததும் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். மூன்று வருஷமாகச் சுலோசனாவின் தோளில்தான் அதன் குடித்தனம். நாள் முழுக்க இறகைக் கோதிக்கொண்டே இருப்பதால் அவள் வைத்த பெயர் சிங்காரம். என்னைக் கண்டால் கூண்டின் மறுகோடிக்குப் போய்விடும். எங்கள் இருவருக்குள்ளும் பேச்சுவார்த்தை கிடையாது.

அது அழகாகப் பேசும் என்பாள் சுலோசனா. நான் ஒருநாளும் கேட்டதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

கிளியை நினைத்தே பயணத்தைக் கைவிடப் பார்த்தாள். "பதினாறு தறிய ஒத்தை ஆளா மேச்சவன் நானு. ஒரு கிளிய மேய்க்க மாட்டனா?" என்றேன். அது தினமும் என்ன தின்றது என்று எழுதிவைத்துப் போனில் சொல்லச் சொன்னாள். அதற்குத்தான் நூல் கடைக்காரர் கொடுத்த இந்த டைரி. ரயில் கிளம்பும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னவோ சொன்னாள். ஸ்டேஷன் இரைச்சல். நான் கையை ஆட்டினேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கொய்யாப்பழம் வைத்தேன், தொடவில்லை. பச்சைமிளகாய் அதற்கு உயிர் என்றாள். அதையும் தொடவில்லை.

கூண்டுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பின்னால் போய்க் கதவைத் திறந்து முதுகில் இரண்டு தட்டு தட்டினேன். தறிக்குடோனில் ஒருவனைக் கூப்பிட அதுதான் முறை. பதினாறு தறி ஓடும் இடத்தில் எவன் கத்தினாலும் எவனுக்கும் கேட்காது. பின்னால் போய்த் தோளில் தட்டினால் திரும்புவான், பிறகு கையாலும் வாயசைப்பாலும் பேசிக்கொள்ளலாம்.

கிளி திரும்பியது. விரலைக் கவ்வியது. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அது சாப்பிடவில்லை. நானும் சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுப் பரிமளம் கொடுத்த தோசைமாவு புளித்துவிட்டது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வீடியோவில் சுலோசனா. புனேவில் சிக்னல் மோசம். படம் வருகிறது, பேச்சு கொரகொர என்கிறது. அவளும் தன் முகத்தைக் காட்டாமல் வீட்டைக் காட்டுகிறாள், பேரனைக் காட்டுகிறாள். நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: சூரியகாந்தி விதை கொஞ்சம் தின்றது, நன்றாக இருக்கிறது, கவலைப்படாதே, வைக்கிறேன். பேச்சை வளர்க்காமல் முடிப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

விதை கொஞ்சம் என்றது உண்மைதான். கொத்திப் போட்டதையும் தின்றதாகக் கணக்கு வைத்தால்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலையில் கூண்டுக்கடியில் இறகு. உதிர்ந்தது என்று கூட்டி அள்ளினேன். மத்தியானம் பார்த்தால், அது தானே தன் நெஞ்சிலிருந்து ஒரு இறகைப் பிடுங்கிக் கீழே போடுகிறது. சிங்காரம் என்று பெயர் வைத்த பறவை.

தனியாக இருந்து சலித்துவிட்டதோ என்று தோன்றியது. கூண்டைத் தூக்கிப் பின்கட்டு அறையில் வைத்துவிட்டேன். அந்த அறைச் சுவருக்கு அப்புறம்தான் குடோன். போன வருஷம் முதல் கருப்புசாமி குத்தகைக்கு ஓட்டுகிறான். தறிச் சத்தம் எங்கள் ஊருக்குத் தாலாட்டு. இங்கே பிறக்கிற குழந்தை தறி ஓடும்வரை தூங்கும், கரண்ட் போனால்தான் விழித்து அழும். கிளிக்கும் அது துணையாக இருக்கும்.

கடி வாங்காமல் இருக்கக் கையுறை தேடினேன். பீரோவில், போன வருஷம் வானதி பிடிவாதமாக வாங்கிக் கொடுத்த காது மிஷின் டப்பா கிடந்தது. பிரித்தது கூட இல்லை. அது கேட்காதவர்களுக்கு. எனக்கு எதிரில் நின்று பேசினால் எல்லாம் விளங்குகிறது. டப்பாவைத் தள்ளிவிட்டு, ஒரு பழைய துண்டைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நெஞ்சு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெறும் தோலாகிவிட்டது. துண்டு சுற்றிய கையைக் கண்டாலே கூண்டெல்லாம் அடித்துக்கொள்கிறது. "சாப்புடு சாமி, என்ற ராசா" என்று கொஞ்சிக்கூடப் பார்த்தேன். இன்னும் ஒடுங்குகிறது.

பரிமளம் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ சொன்னாள். மதில் உயரம், நெற்றியும் கண்ணும்தான் தெரிந்தன. ஆகட்டும் ஆகட்டும் என்றேன். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

பயமாக இருக்கிறது. இது செத்துப்போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஆகஸ்ட் 22, வியாழன்

திருப்பூரில் பறவை பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். வானதி வயதுதான் இருக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு கிளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் சட்டென்று திரும்பி வாசல் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பிறகு கிளியைப் பார்த்துச் சிரித்தார். என்னிடம் என்னவோ கேட்டார். "சூரியகாந்தி விதை, கொய்யா, மக்காச்சோளம்" என்றேன். மறுபடி கேட்டார். "மூணு வருஷமாச்சுங்" என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். மாஸ்கைக் கழற்றி மேஜையில் வைத்தார். அதன் பிறகு நிதானமாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். நோய் ஒன்றும் இல்லையாம், ஏக்கமும் பயமுமாம். கூண்டைத் தறிச் சத்தத்தில் வைத்தேன் என்றதும் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். உடனே முன்னறைக்கு மாற்ற வேண்டும். பின்னாலிருந்து போகக்கூடாது. நேருக்கு நேர் முறைக்கக்கூடாது, இரைபிடிக்கிறவன்தான் அப்படிப் பார்ப்பான். பக்கவாட்டில் உட்கார்ந்து என் வேலையைப் பார்க்க வேண்டும். அதுவாக வரும்வரை கை நீட்டக்கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் சுருக்கென்றது.

"ஐயா, உங்க குரல் ரொம்பப் பெருசுங்க. நீங்க கொஞ்சறது அதுக்குத் திட்டற மாதிரி இருக்கும்."

ஐம்பது வருஷமாக இந்தக் குரலில்தான் பேசுகிறேன். ஒருவரும் குறை சொன்னதில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் கோபம். ஆனாலும் கூண்டை முன்னறைக்கு மாற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மெல்லப் பேசிப் பார்த்தேன். எது மெல்ல என்று எனக்கே தெரியவில்லை. கிளி நடுங்குகிறது. பேசவே போவதில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

வானதிக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். தாயும் பிள்ளையும் நலம் என்று மாப்பிள்ளை வாட்ஸப்பில் எழுதியிருந்தார். கருப்புசாமிக்கும் குடோன் ஆட்களுக்கும் லட்டு கொடுத்தேன்.

அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. இந்தக் கோடியிலிருந்து ஒருத்தி கையைக் கவிழ்த்து வீசுகிறாள், தறியில் பாவு நூல் தீர்ந்தது என்று அர்த்தம். அந்தக் கோடியிலிருந்து ஒருவன் உள்ளங்கையால் காற்றை அமுக்குகிறான், மெல்ல, அவசரமில்லை. டீ வேண்டுமென்றால் இரண்டு விரலை உதட்டருகே சாய்ப்பது. கருப்புசாமி பத்தடி தள்ளி நின்று தன் சம்சாரத்தின் நகை அடமானக் கதையை முழுக்க வாயசைப்பிலேயே சொல்லி முடித்தான். ஒரு வார்த்தை தப்பாமல் விளங்கியது. குடோனுக்குள் போய்விட்டால் நான் ராஜா.

குரல்தானே பெரிது. கை பெரிதில்லையே.

ஆகஸ்ட் 28, புதன்

கிளியிடம் குடோன் பாஷையை ஆரம்பித்தேன். நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டுப் பேப்பர் படித்தேன். நாலு மணிக்கு இரண்டு விரலை உதட்டருகே சாய்த்தேன், டீ என்று. வேகவைத்த மக்காச்சோளத்தில் நாலைந்து முத்தைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன். அது அசையவில்லை. உள்ளங்கையால் காற்றை மெல்ல அமுக்கினேன், அவசரமில்லை என்று.

சொன்னது அதற்கா எனக்கா தெரியவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

சோளத்தைத் தின்றது. நான் உட்கார்ந்திருக்கும்போதே! எழுந்து ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தினமும் நாற்காலியைத் தரையின் ஒரு கல் அளவுக்கு முன்னால் நகர்த்துகிறேன். கூட்டி முடித்து, குளித்து, சாதம் வடித்து, ரசத்தை ஒருநாளைக்கு ஒரு ருசியில் வைத்து, எல்லாச் சோலியும் முடிந்ததும் அங்கே போய் உட்கார்வதுதான் இப்போது உத்தியோகம்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. பரிமளம் கொழுக்கட்டை கொண்டுவந்தாள். நான் தேங்காய்த் துண்டு ஒன்றை விரலில் பிடித்துக் கூண்டுக் கம்பிக்கு வெளியே வைத்திருந்தேன். கை மரத்துப்போகும்வரை வைத்திருந்தேன். கழுத்தை நீட்டி, விரலைத் தொடாமல், நுனியில் கவ்வி எடுத்துக்கொண்டது. பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு.

பரிமளம் வாசல்படியில் நின்று, "அக்கா கூப்புடற மாதிரியே இருக்குதுங். நான் ரெண்டு தடவை ஓடியாந்து எட்டிப் பாத்துப்போட்டுப் போனேன்" என்றாள். சுலோசனா இல்லாதது அவளுக்கும் தாங்கவில்லை போல. நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கும் என்று சிரித்தேன்.

செப்டம்பர் 14, சனி

கூண்டைத் திறந்தே வைக்கிறேன். இன்று நாலு மணிக்கு நான் டீ சைகை காட்டுவதற்கு முன்னால் அது ஒரு காலைத் தூக்கியது. நான் இரண்டு விரலைச் சாய்த்தேன். மறுபடி காலைத் தூக்கியது. நான் சாய்க்க, அது தூக்க, இப்படியே கொஞ்ச நேரம். குடோனில் புதிதாக வந்தவன் சைகை பழகும்போது இப்படித்தான் அர்த்தமில்லாமல் எல்லாவற்றுக்கும் கையை ஆட்டுவான். ஆள் தேறிவிடுவான் என்று அப்போதே தெரிந்துவிடும்.

நெஞ்சில் அந்த வட்டம் பெரிதாகவில்லை. சின்னதாகவும் இல்லை.

செப்டம்பர் 19, வியாழன்

ஆள்காட்டி விரலைக் கிளை போல் படுக்கவைத்து நீட்டினேன். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். முதலில் அலகால் விரலைப் பிடித்துப் பார்த்தது. உயிரே போய்விட்டது எனக்கு, பழைய தழும்பு அதே விரலில்தான். கடிக்கவில்லை. கொம்பு தாங்குமா என்று சோதித்துப் பார்த்திருக்கிறது. பிறகு ஒரு கால், அப்புறம் இன்னொரு கால்.

கனமே இல்லை. ஒரு கைப்பிடி பஞ்சு, அதற்குள் ஒரு சூடு. மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்து இவன் இவ்வளவு லேசு என்று எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 29, ஞாயிறு

இந்நேரம் அவள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வானதி வாட்ஸப்பில் எழுதியிருக்கிறாள். அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்: "அப்பா, அம்மா இங்க ரொம்பக் கலகலப்பா ஆயிட்டாங்க. அபார்ட்மென்ட்ல நாலு தமிழ்க்காரங்க இருக்காங்க, பேச்சு முடியறதே இல்ல. அங்க வந்தா யார்கிட்ட பேசறதுன்னு சொல்றாங்க. பொங்கல் வரைக்கும் இருக்கட்டுமா? கிளி இருக்குதுன்னுதான் அம்மா யோசிக்கிறாங்க."

பலமுறை படித்தேன். யாரிடம் பேசுவது என்றால் என்ன அர்த்தம்? நான் இருக்கிறேனே. அவள் பேசினால் வேண்டாமென்றா சொல்கிறேன்? அவள்தான் வரவர வாயே திறப்பதில்லை.

சரி, கிளிக்காகவாவது வருவாளே. வந்தால் போதும். நாளைக்குக் கோயமுத்தூரில் மாதுளை வாங்கி வர வேண்டும். நெஞ்சில் இறகு முளைக்க அது நல்லது என்றார் டாக்டரம்மா.

அக்டோபர் 6, ஞாயிறு

முளைத்திருக்கிறது! வெறும் தோலில் சாம்பல் ஊசிகள் போல நாலைந்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். இவ்வளவு நாள் இறகு போன விஷயமே அவளுக்குத் தெரியாது, அதனால் எதற்கு இந்த போட்டோ என்று விளங்கியிருக்காது. "அவன் கண்ணு தெளிஞ்சிருக்குது. வர்றேன்" என்று பதில் எழுதியிருந்தாள். 27ஆம் தேதிக்கு டிக்கெட்.

நிம்மதி. குடோன் வரைக்கும் நடந்து போய்ச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. தறிகளுக்கெல்லாம் திருநீறும் சந்தனமும் வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்தாயிற்று. வருஷத்தில் இப்படிச் சில நாள்தான் ஊரில் ஒரு தறியும் ஓடாது. தெருவே கப்சிப்பென்று இருக்கும்.

சாயங்காலம் சிங்காரம் என் மணிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். சன்னல் வெளிச்சம் அவன் முகத்தில். பார்த்துக்கொண்டே இருந்தேன். அலகு திறந்தது, மூடியது. தொண்டை ஏறி இறங்கியது. நாக்கு, கறுத்த குட்டி நாக்கு, உள்ளே அசைந்தது. மறுபடியும். மறுபடியும்.

பேசுகிறான். என்னைப் பார்த்துத்தான் பேசுகிறான்.

தறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, தறி ஓடவில்லை. சிக்னல் என்று சொல்ல முடியாது, என் கையில் இருக்கிறான். ஐம்பது வருஷமாக மனிதர்களின் வாயைப் பார்த்துப் பார்த்தே சமாளித்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எதிரில் இருந்தால் எனக்கு விளங்கும். மதிலுக்குப் பின்னால், மாஸ்குக்குப் பின்னால், சமையலறைச் சுவருக்குப் பின்னால் இருந்தால் விளங்காது. இவனோ எதிரில்தான் இருக்கிறான், இருந்தும் பிரயோஜனமில்லை. அலகுக்கு உதடில்லை.

அவனைக் கூண்டில் விட்டுவிட்டுப் பீரோவைத் திறந்தேன். காது மிஷினைப் பிரித்துப் பேட்டரி போட்டு, ஒருவழியாகச் செருகினேன். முதலில் கேட்டது என் செருப்பு. பிறகு மின்விசிறியின் முனகல். பிறகு எங்கோ டொக், டொக். தேடிக்கொண்டு போனால் பாத்ரூம் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை காலமாகவோ.

முன்னறைக்கு வந்து உட்கார்ந்தேன். இரண்டு விரலைச் சாய்த்தேன். அவன் காலைத் தூக்கினான். அப்புறம் சொன்னான்.

"ஏனுங்."

திரும்பி வாசலைப் பார்த்துவிட்டேன். சுலோசனாவின் குரல். அச்சு அசல் அவள்தான்.

"ஏனுங்." கொஞ்சம் உரக்க. "ஏனுங்...!" இன்னும் கொஞ்சம். அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, ஒரு பெருமூச்சு. பிறகு தாழ்ந்த குரலில், தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல:

"செரி, உடு."

அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

கிளி ஒரே தடவை கேட்டதைச் சொல்லாது. நாள் தவறாமல் கேட்டதைத்தான் சொல்லும். நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து அவள் மூன்று தடவை கூப்பிட்டு, பதில் வராமல், செரி உடு என்று சொல்லிக்கொண்டு தன் வேலையைப் பார்த்திருக்கிறாள். எத்தனை தடவை சொல்லியிருந்தால் இவனுக்குப் பெருமூச்சோடு பாடமாகியிருக்கும்? அந்த "உடு"வில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அழுதேன். என் அழுகைச் சத்தமும் எனக்குக் கேட்டது.

அக்டோபர் 12, சனி

காலையில் குழாய்க்கு வாஷர் மாற்றினேன்.

அவன் "ஏனுங்" என்றான். இரண்டாவது தடவைக்கு முன்னால், குரலை அடக்கி, "சொல்லு புள்ள" என்றேன். இப்போது என் குரல் எவ்வளவு பெரிது என்று எனக்கே தெரிகிறது. டாக்டரம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

சிங்காரம் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தான். கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிந்தது. அடுத்த வரி என்ன என்று தெரியாமல் நின்ற நாடகக்காரன் போல் இருந்தான். செரி உடு சொல்லவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

சுலோசனா கூப்பிட்டாள். இன்று சிக்னல் அருமை. நான் எதையும் சொல்லி முடிக்க அவசரப்படவில்லை. குழந்தைக்கு மூக்கு யாரைப் போல, வானதிக்குப் பத்தியச் சாப்பாடு எது ஒத்துக்கொள்ளவில்லை, மாடியில் இருக்கும் தஞ்சாவூர்க்காரி எப்படி ரசம் வைப்பாள் என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் நிறுத்தி, "லைன்ல இருக்கறீங்ளா?" என்றாள். இருக்கிறேன் என்றேன். "இல்ல, இந்நேரத்துக்கு வெச்சுருப்பீங்ளே" என்றாள்.

மிஷினைப் பற்றிச் சொல்லவில்லை. நேரில் வரட்டும்.

அக்டோபர் 19, சனி

பழசு அவ்வளவு சீக்கிரம் போகுமா. நான் குளித்துவிட்டு மிஷினைச் செருகும்போது முழுசும் சொல்லி முடித்துவிட்டான், கடைசிச் செரி உடுதான் காதில் விழுந்தது. ஈரத் துண்டோடு ஓடிவந்து, "இருக்கேன் சாமி, இங்கதான் இருக்கேன்" என்றேன். தோளில் ஏறிக்கொண்டான். நெஞ்சு பாதி மூடிவிட்டது.

அக்டோபர் 26, சனி

நாளைக்கு வருகிறாள். வீட்டைக் கழுவினேன். தீபாவளிக்கு முன்னால் கழுவ வேண்டியதுதான், யாரும் எனக்காகப் பெருமைப்பட வேண்டாம். ஒரு பயம் இருக்கிறது. அவள் முன்னால் இவன் அதைச் சொல்லிவிட்டால், நான் கேட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால், அவள் கூச்சப்படுவாளே என்று.

மாதுளை உரித்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஸ்டேஷனில் கூட்டம். காரிலும் மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரப் பையன் ஒருவன் கூட வந்ததால் அதிகம் பேச்சில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே கூண்டுக்குத்தான் போனாள், எதிர்பார்த்ததுதான். சிங்காரம் அவள் தோளுக்குத் தாவி, கொண்டை ஊசியைப் பிடுங்கி, காது மடலைக் கடித்து, ஒரே ரகளை. நெஞ்சில் புது இறகைத் தடவிப் பார்த்தாள். விரலால் ஓரத்தை அளந்து பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். எல்லாம் தெரிந்துகொண்டாள் என்று தெரிந்தது.

நான் இரண்டு விரலைச் சாய்த்தேன். அவள் தோளிலிருந்தபடியே அவன் எனக்குக் காலைத் தூக்கிக் காட்டினான். "அட" என்றாள்.

குளித்துவிட்டு வந்து, வந்த களைப்பு ஆறாமல் சமையலறைக்குப் போனாள். நான் சட்டைப்பையில் வைத்திருந்த மிஷினைக் காதில் செருகிக்கொண்டு முன்னறையில் பேப்பரோடு உட்கார்ந்தேன். சிங்காரம் கூண்டின் மேல் மாதுளை தின்றுகொண்டிருந்தான். தாளிக்கிற சத்தம் கேட்டது. கடுகு வெடிப்பதை இத்தனை வருஷம் வாசனையில்தான் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

"ஏனுங்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. சிங்காரம் வாயில் மாதுளை. ஆகவே இது அவள்தான்.

"சொல்லு புள்ள" என்றேன்.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு அவள் கையில் கரண்டியோடு கதவோரம் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. கூண்டைப் பார்த்தாள்.

"ஏன்டா கண்ணு, இவரு மாதிரிப் பேச எப்படா பழகுன?" என்று கிளியிடம் கேட்டாள்.

"அவன் இல்ல. நாந்தான் சொன்னேன்" என்றேன்.

அப்போதுதான் திரும்பினாள். பார்வை என் முகத்திலிருந்து காதுக்குப் போனது. அங்கேயே நின்றது. கரண்டியிலிருந்து எண்ணெய் தரையில் சொட்டியது, அவள் கவனிக்கவில்லை. நான்தான் கேட்டேன், எதற்குக் கூப்பிட்டாய் என்று.

யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது.

"ஒண்ணுமில்லீங். பதில் வரும்னு நெனச்சுக் கூப்புடலீங். கேக்கறதுக்கு ஒண்ணும் எடுத்து வெக்கல."

"செரி, நெனச்சுக்கிட்டுச் சொல்லு. நான் இங்கதான் இருக்கேன்."

உள்ளே போனாள். குழம்பு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது, நல்ல ருசி. சாப்பிடும்போதும், பாத்திரம் கழுவும்போதும், துணி மடிக்கும்போதும் புனே கதை ஓடிக்கொண்டே இருந்தது. இதை எழுதும்போதும் உள்ளேயிருந்து இரண்டு தடவை கூப்பிட்டாள். ஒன்று, பரிமளத்தின் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேனா என்று. இன்னொன்று சும்மா.

சிங்காரம் இன்று தின்றது: மாதுளை, பாதிக் கொய்யா, அவள் தட்டிலிருந்து ஒரு பச்சைமிளகாய்.